வால் தேய்க்கும் குதிரை: ஊசிப்புழு வைத்தியம் எங்கே தவறுகிறது?

குதிரை சுவரிலும் தூணிலும் பின்புறத்தை வைத்துத் தேய்க்கிறது. வாலின் அடிமயிர் உதிர்ந்து, சில வாரங்களில் வால் எலிவாலாகிறது. பார்த்தவர் எவரும் "வயிற்றில் பூச்சி" என்றுதான் சொல்வார். மருந்தும் கொடுப்பார்கள். மருந்துக்குப் பிறகும் தேய்ப்பு நிற்கவில்லை என்ற குறை குதிரை வளர்க்கும் நாடுகள் எல்லாவற்றிலும் உண்டு. தப்பு எங்கே? மருந்துக்கு மடியாத புழுவிலா, வலுவிழந்த மருந்திலா, நோயைக் கண்டறிந்த விதத்திலா?

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு லாயங்களில் பிறந்தவை. கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் போகும் திசையில் உள்ள இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊருக்கு அவற்றில் எது எவ்வளவு பொருந்தும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. தென்மாவட்டங்களில் குதிரை இன்னும் கொட்டகையில் நிற்கும் விலங்குதான். தூத்துக்குடி வட்டாரத்துக் கோயில் கொடைகளை ஒட்டிப் பெரிய குதிரை, சின்னக் குதிரை, புதுக் குதிரை என்று பிரித்து வண்டிப் பந்தயம் நடத்தும் வழக்கம் உயிரோடு இருக்கிறது.

புழுவின் போக்கு

ஆக்சியூரிஸ் எக்வி என்ற இந்தப் புழுவை 1788-இல் ஷ்ராங்க் என்பவர் விவரித்துப் பெயரிட்டார். குதிரை, கழுதை, கோவேறு கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றின் பெருங்குடலில் வாழ்வது. ஆண் புழு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். பெண் புழு 10 சென்டிமீட்டரையும் தாண்டும்; அதன் வால் ஊசியாக நீண்டிருக்கும்.

மற்றக் குடற்புழுக்கள் குடலுக்குள்ளேயே முட்டையிட்டு லத்தியோடு வெளியேற்றுகின்றன. இது அப்படிச் செய்வதில்லை. முட்டை நிறைந்த பெண் புழு குடலில் இறங்கி வந்து, ஆசனவாய்க்கு வெளியே தலைகாட்டி, சுற்றியுள்ள தோலில் பசைபோன்ற மஞ்சள் சாம்பல் நிறப் படலமாக முட்டைகளைப் பூசிவிட்டு மடிகிறது. ஒரு புழு 8,000 முதல் 60,000 முட்டை வரை இடும். பசை காய்ந்து விரிசல் விடும்போதுதான் அரிப்பு. குதிரை தேய்க்கும்போது செதில்கள் சுவரிலும் தீனித் தொட்டியிலும் கீழே பரப்பிய வைக்கோலிலும் உதிர்கின்றன. முட்டைக்குள் புழுக்குஞ்சு நான்கைந்து நாளில் தொற்றும் நிலையை அடைகிறது. தீனியோடு அதை விழுங்கிய குதிரையின் குடலில் வளர்ந்து, மறுபடி முட்டையிடும் பெண் புழுவாக ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும்.

இந்த நான்கைந்து நாளும் ஐந்து மாதமும் இனி வரும் வாதங்கள் அனைத்துக்கும் அடிப்படை. வைத்தியம் பேசுகிறவர்கள் பலர் முதலில் மறப்பதும் இவற்றைத்தான்.

மனிதக் குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி வேறு இனம். குதிரையிடமிருந்து வீட்டுப் பிள்ளைக்கோ, பிள்ளையிடமிருந்து குதிரைக்கோ இது தொற்றாது. குதிரையிலேயே ப்ராப்ஸ்ட்மேரியா விவிபாரா என்ற இன்னொரு ஊசிப்புழுவும் உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும்; முட்டையிடாமல் குடலுக்குள்ளேயே குஞ்சு ஈனும். லட்சக்கணக்கில் இருந்தாலும் குதிரைக்குக் கேடு செய்வதாகத் தெரியவில்லை. லத்தியில் நுண்ணிய புழுக்களைக் கண்டு பதறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"தொல்லைதான், நோயல்ல"

நெடுங்காலம் நிலவிய முதல் நிலைப்பாடு இது. பெருங்குடலின் இரத்தக் குழாயை அடைக்கும் ஸ்ட்ராங்கைல் புழுக்கள் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், வாலைத் தேய்க்க வைக்கும் புழு ஒரு பொருட்டாகப் படாதது இயல்பே. வளர்ந்த புழு குடலில் உள்ளதை உண்டு வாழ்கிறது, குதிரை மெலிவதில்லை என்பது இந்தப் பார்வையின் ஆதாரம்.

இதன் பலவீனத்தை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்ஸெல் என்ற ஆய்வாளர் காட்டினார். நான்காம் பருவக் குஞ்சுகள் குடலின் உட்சவ்வையே கவ்வி உண்கின்றன. ஆகவே தொற்று மிகுந்தால் குடலில் அழற்சி ஏற்பட இடமுண்டு. ஆனாலும் அதனால் குதிரைகள் பரவலாக நோய்ப்பட்டதற்கான சான்று வலுவாக இல்லை. உண்மையான சேதம் வெளியில்தான். தேய்த்துப் புண்ணான தோலில் ஈ மொய்த்து முட்டையிட்டால் எங்கள் பக்கத்து வெயிலிலும் மழையிலும் அந்தப் புண் புழுத்துப்போகும். தேய்ப்பிலேயே கவனமாக இருக்கும் குதிரை தீனியில் நாட்டம் குறைந்து ஓட்டத்திலும் பின்தங்கும். பந்தயக் குதிரையை வைத்துப் பிழைப்பவருக்கு இது சிறு தொல்லை அல்ல.

லத்தியில் தேடி, தோலில் கண்டது

கண்டறியும் முறையில்தான் பெரிய குழப்பம் நேர்ந்தது. குடற்புழு என்றாலே லத்தியைச் சோதிப்பது வழக்கம். இந்தப் புழுவோ தோலில் முட்டையிடுகிறது. அதனால் லத்திச் சோதனையில் "புழு இல்லை" என்று வருவது எதையும் மெய்ப்பிக்காது. மனிதக் கீரிப்பூச்சிக்காகக் கிரஹாம் 1941-இல் வகுத்த ஒட்டுநாடாச் சோதனையே குதிரைக்கும் வந்து சேர்ந்தது.

செய்முறை எளிது. ஒளி ஊடுருவும் செலோடேப்பில் விரல்நீளம் எடுத்து, வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றிய தோலில் இரண்டு மூன்று இடங்களில் அழுத்தி எடுத்து, பசைப்பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சற்றுத் தட்டையாகவும் ஒரு முனையில் அடைப்புடனும் முட்டைகள் தெரியும். பெயர்பெற்ற ஆய்வகம் எதுவும் இதற்குத் தேவையில்லை. நுண்ணோக்கி உள்ள கால்நடை மருந்தகமோ, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவோ போதும். சந்தேகம் நீடித்தால் இராமையன்பட்டியில் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்தச் சோதனைக்கும் குறை உண்டு. பெண் புழுக்கள் தினமும் வெளியே வருவதில்லை. ஒரு முறை முட்டை இல்லை என்றால் தொற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பந்தயக் குதிரையைத் தினமும் குளிப்பாட்டி, வாலுக்கடியில் அலசி, எண்ணெய் தடவித்தான் நிறுத்துவார்கள். குளித்த உடம்பில் முட்டை மிச்சமிருக்காது. எண்ணெய் பட்ட தோலில் நாடாவும் ஒட்டாது. நன்றாகப் பேணப்படும் குதிரைக்கே சோதனை தவறான ஆறுதலைத் தரும். எனவே இரண்டு மூன்று நாள் அந்த இடத்தைக் கழுவாமலும் வேப்பெண்ணெய் தடவாமலும் விட்டு, காலையில் முதல் வேலையாக நாடாவை ஒட்டுவதே சரி.

வால் தேய்த்தால் புழுதானா?

கரிசல் நாட்டில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின், ஐப்பசி முதல் தை வரை, கியூலிகாய்ட்ஸ் என்னும் மிகச் சிறிய கடிப்பூச்சிகள் பெருகும். செம்மறியாட்டுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இவைதான். வேம்பூர் ஆடுகள் மேயும் இந்த வட்டாரத்து ஆட்டுக்காரர்களுக்கு அந்த நோய் புதிதல்ல. அதே பூச்சி குதிரையைக் கடித்தால் சில குதிரைகளுக்கு ஒவ்வாமை கிளம்புகிறது. வாலடி அரிக்கும், பிடரியும் அரிக்கும். அந்தியிலும் விடிகாலையிலும் கூடும். மழைக்காலம் கழிந்ததும் தணியும்.

பிடரி மயிர் கெடாமல் வாலடி மட்டும் தேய்ந்திருந்தால் ஊசிப்புழுவைச் சந்தேகிப்பது நியாயம். இரண்டும் தேய்ந்திருந்தால் பூச்சிக்கடி முன்னுக்கு வருகிறது. பேன் என்றால் மயிரைப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியும். சொறிப்பூச்சி பெரும்பாலும் காலில் தொடங்கும். ஆண் குதிரையின் உறை அழுக்கு, பெண் குதிரையின் மடியிடை அழுக்கு ஆகியவையும் தேய்க்க வைக்கும். இந்த அடையாளங்கள் எவையும் தனித்து முடிவு சொல்வன அல்ல. இரண்டு நோயும் ஒரே குதிரையில் சேர்ந்திருக்கவும் கூடும்.

தவறாக ஊகிப்பதில் உயிராபத்தும் இருக்கிறது. அரிப்பை உண்ணி என்றோ சொறி என்றோ எண்ணி, மாட்டுக்கும் நாய்க்கும் வாங்கி வைத்த அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் தெளித்துவிடுகிறார்கள். அது குதிரையின் பெருங்குடல் அசைவை நிறுத்தி, தீனியைக் குடலிலேயே அடைக்கக்கூடியது. குதிரைக்கு அமிட்ராஸ் கூடவே கூடாது.

மருந்துகளின் காலம்

உப்பு நீர், கசப்புப் பட்டைக் கஷாயம் ஆகியவற்றை ஆசனவாய் வழியே செலுத்துவதே பழைய ஐரோப்பிய வைத்தியம். 1940களில் ஃபீனோதயசின், 1950களில் பைப்பரசின், 1961-இல் தயாபெண்டசோல் என்று இரசாயன மருந்துகள் வந்தன. 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜும் லயன்ஸும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுக்கும் திட்டத்தை முன்வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஐவர்மெக்டின் குதிரைக்கு வந்தபோது, ஊசிப்புழுப் பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் எண்ணினார்கள். நன்கு பேணப்பட்ட லாயங்களில் இந்தப் புழுவைக் காண்பதே அரிதாயிற்று.

அந்த நம்பிக்கை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு நின்றது. 2010-இல் ரைன்மேயரும் உடன் ஆய்ந்தவர்களும் இயற்கையாகத் தொற்றிய குதிரைகளில் ஐவர்மெக்டினையும் பைரான்டெலையும் ஒப்பிட்டார்கள். வளர்ந்த புழுக்களில் இரண்டுமே 90 சதவீதத்துக்கு மேல் அழித்தன. குஞ்சுப் பருவத்தை இன்னும் நன்றாக அழித்தன. ஆனால் இவை நூறு சதவீதம் அல்ல. தப்பிய ஒரே ஒரு பெண் புழு பல்லாயிரம் முட்டையிடும் என்பதை மறந்தால் இந்த எண்ணின் பொருள் விளங்காது.

அடுத்த ஆண்டுகளில் நியூசிலாந்து, ஜெர்மனி, பிரேசில், பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஐவர்மெக்டின் வகை மருந்துகள் இந்தப் புழுவிடம் தோற்றதாக அறிக்கைகள் வந்தன. ஃபென்பெண்டசோல் போன்ற பென்சிமிடசோல் வகை இந்தப் புழுவுக்கு இன்னும் கைகொடுக்கிறது என்பதே பரவலான கருத்து. பைரான்டெலின் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது.

எதிர்ப்பாற்றலா, மறுதொற்றா, அளவுக் குறைவா?

மருந்து தோற்றது என்ற ஒரே கூற்றுக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தறிய ஐந்து மாதக் கணக்கு உதவுகிறது. என் பார்வையில் இந்த விவாதம் முழுவதிலும் கிராமத்து மருத்துவருக்கு மிகப் பயன்படும் கருவி இதுவே.

மருந்து கொடுத்த அன்றே அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்த நாடாவில் முட்டை தெரிந்தால், அது புதிய தொற்றாக இருக்க முடியாது. புதிதாக நுழைந்த புழுவுக்கு ஐந்து மாதம் வேண்டும். ஆகவே முன்பிருந்த வளர்ந்த புழு பிழைத்திருக்கிறது. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் முட்டை தலைகாட்டினால், குஞ்சாக இருந்தவை மருந்துக்குத் தப்பி வளர்ந்திருக்கலாம். ஐந்து மாதத்துக்கு மேல் தெரிந்தால் கொட்டகையில்தான் காரணத்தைத் தேட வேண்டும். கழுவாமல் விட்டு, பழைய முட்டையையே மறுபடி நாடாவில் எடுத்து மருந்தைப் பழித்த சம்பவங்களும் இந்த விவாதத்தைக் குழப்பியிருக்கக்கூடும்.

வளர்ந்த புழு பிழைத்தது உறுதியானாலும் அதை உடனே எதிர்ப்பாற்றல் என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த அளவு போதியதா என்று பார்க்க வேண்டும். குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கொடுப்பது பெரும்பாலும் குறைவாகவே முடிகிறது. அளவு நாடாவால் கணக்கிட ஒரு வழி உண்டு. முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 150 சென்டிமீட்டர், நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் அதற்கு 53 மில்லிகிராம் ஐவர்மெக்டின் வேண்டும். பார்வைக்குச் சின்னக் குதிரை, 200 கிலோ இருக்கும் என்று கொடுத்தால் கால்வாசி குறைந்துபோகும். துப்பிய மருந்தும், தீனியோடு கலந்து மிச்சம் வைத்த மருந்தும் இந்தக் கணக்கில் சேரும்.

மருந்தின் வடிவமும் முக்கியம். குதிரைக்கு வாய்வழிப் பசையே ஏற்றது. குதிரைக்கென்று வந்த ஐவர்மெக்டின் தசை ஊசி, ஊசி போட்ட இடத்தில் கடுமையான நுண்ணுயிர்த் தொற்று ஏற்பட்டதால் 1980களிலேயே அமெரிக்காவில் கைவிடப்பட்டது. மாட்டுக்கான ஊசி மருந்து கையருகில் கிடைக்கிறதென்று குதிரைக்குப் போடுவது மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே எண்ணிப்பார்க்க வேண்டியது.

தேய்ப்பு நிற்கும் வரை மாதாமாதம் மருந்து கொடுக்கும் பழக்கத்துக்கு வேறொரு விலை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த மருந்து குடலில் உள்ள மற்றப் புழுக்களையும் சந்திக்கிறது. குட்டிகளைக் கொல்லக்கூடிய பராஸ்காரிஸ் உருளைப்புழு ஐவர்மெக்டினுக்கு மசியாமல் போனது 2002-இல் நெதர்லாந்திலிருந்து முதலில் அறிவிக்கப்பட்டது. சிறு ஸ்ட்ராங்கைல்கள் பல மருந்துகளைத் தாண்டிவிட்டன. டென்மார்க் 1999-லேயே குதிரைக் குடற்புழு மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை விதித்தது. வால் அரிப்புக்காக, குட்டியைக் கொல்லும் புழுவுக்கு எதிரான ஆயுதத்தை மழுங்கடிக்கலாகாது என்ற வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

ஆசனவாய் வழி மருந்து

பெண் புழு கடைக்குடலில் நிற்கிறது, வாய்வழி மருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் நீர்த்துவிடுகிறது என்று சொல்லி, பசை மருந்தையே ஆசனவாய்க்குள் செலுத்துகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பழைய கஷாய வைத்தியத்தின் மறுபிறவி இது. இறங்கி வந்த சில புழுக்களை இது அழிக்கலாம். ஆனால் பெரும்பகுதிப் புழுக்கள் வாழும் பெருங்குடல், ஆசனவாயிலிருந்து சில மீட்டர் நீளும் சிறுகோலன் என்ற குடல்பகுதிக்கும் அப்பால் இருக்கிறது. மருந்து அவ்வளவு தூரம் ஏறாது. முறையான ஒப்பீட்டுச் சோதனையும் இதற்குத் துணையில்லை. உதைபடும் அபாயத்தையும் கணக்கில் எடுத்தால் பரிந்துரைக்க ஏதுமில்லை.

துணியும் வெந்நீரும்

ஆய்வேடுகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும், காரண காரியப்படி மிக உறுதியாக நிற்பதும் கழுவும் வேலைதான். முட்டை தொற்றும் நிலையை அடைய நான்கைந்து நாள் ஆகிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை வெந்நீரில் நனைத்த பழந்துணியால் ஆசனவாயையும் வாலின் அடிப்பக்கத்தையும் துடைத்து, அந்தத் துணியை எரித்துவிட்டால், முட்டை கொட்டகையில் உதிரும் முன்பே அதன் வழி அடைபடுகிறது. துடைத்த துணியை அலசி அடுத்த குதிரைக்கும் பயன்படுத்துவதுதான் ஆபத்து. தேய்ப்பு பிரஷ் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். பல கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டை அசைவதில்லை, கொதிநீர் அழிக்கிறது.

கொள்ளையும் தட்டையையும் தரையில் கொட்டாமல், வாலுயரத்துக்கு எட்டாத இடத்தில் தொட்டி வைத்துப் போடுவது நல்லது. இடம் குறைந்த கொட்டகையில் ஒரு குதிரையின் பின்புறம் அடுத்ததன் தீனித் தொட்டியை ஒட்டி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். கட்டும் திசையை மாற்றுவதற்குச் செலவே இல்லை.

இந்தத் தரப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. கழுவுவது மட்டும் குடலில் உள்ள புழுவைக் கொல்லாது. இருக்கும் புழுக்கள் தம் ஆயுளை முடிக்கும் வரை மாதக்கணக்கில் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அத்தனை நாள் அதே கவனத்தோடு செய்ய ஆள் வேண்டும்.

வேப்பெண்ணெய் பூசும் நம் வழக்கம் தோலின் எரிச்சலைத் தணிக்கிறது, கடிப்பூச்சியையும் ஓரளவு விரட்டுகிறது. குடற்புழுவுக்கு அது மருந்தாகும் என்று சொல்ல ஆதாரம் போதாது. மாட்டுக்காக வகுத்த மூலிகைக் குடற்புழு நீக்க முறைகளைக் குதிரையின் இந்தப் புழுவுக்கு அப்படியே மாற்றிப்போடுவதும் அவ்வாறே.

தீராதவை

பாண்டிய நாட்டில் கடல்வழி வந்த குதிரைகள் ஆண்டுதோறும் மடிவதைக் கண்ட மார்க்கோ போலோ, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கில்லை என்று குறை சொன்னார். அவர் சொன்னதில் வெளியூராரின் மிகை இருக்கலாம். ஆனால் குதிரையைப் பற்றிய நூலறிவு வேறு நிலத்திலிருந்து வருவதும், அதை இந்த மண்ணின் வெயிலுக்கும் தீனிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டியிருப்பதும் இன்றும் மாறவில்லை.

மூன்று கேள்விகள் திறந்தே நிற்கின்றன. முதலாவது முட்டையின் ஆயுள். ஈரத்தில் வாரக்கணக்கில் பிழைக்கும் இந்த முட்டை வறட்சியில் சீக்கிரம் சாகிறது. அப்படியானால் கரிசலின் சித்திரை வெயில் காயும் திறந்த கொட்டகையில் தொற்று தானாகவே குறைய வேண்டும். நீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைத்த ஓட்டுக் கொட்டகையில் நீடிக்க வேண்டும். இது ஊகம்தான். ஆண்டு முழுவதும் மாதம் ஒரு நாடா எடுத்துப் பார்த்தால் சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது எதிர்ப்பாற்றலை அளக்கும் முறை. மற்றப் புழுக்களுக்கு மருந்துக்கு முன்னும் பின்னும் லத்தி முட்டையை எண்ணிக் கணக்கிடுகிறார்கள். தோலில் முட்டையிடும் புழுவுக்கு அது உதவாது. நாடாச் சோதனையோ உண்டு, இல்லை என்றுதான் சொல்கிறது. எத்தனை புழு என்று சொல்வதில்லை. சில அறிக்கைகளில் குதிரைகளின் எண்ணிக்கையும் குறைவு. ஐவர்மெக்டின் இந்தப் புழுவிடம் பல இடங்களில் தோற்கிறது என்பதை ஏற்கலாம். அது மரபுவழி எதிர்ப்பாற்றலா, அல்லது இந்தப் புழுவின் மேல் அந்த மருந்து என்றுமே முழுமையாகச் செல்லவில்லையா என்பது முடிவாகவில்லை.

மூன்றாவது, ஒரே கொட்டகையில் ஒரே தீனி தின்னும் குதிரைகளில் ஒன்றிரண்டு மட்டும் ஏன் இவ்வளவு தேய்க்கின்றன என்பது. வயதா, உடலின் எதிர்ப்பாற்றலா, கடிப்பூச்சி ஒவ்வாமை மேலும் சேர்ந்ததா? மழைக்காலத்தில் எடுத்த நாடாவையும் கோடையில் எடுத்த நாடாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், இந்தப் பக்கத்துக் குதிரைகள் வாலைத் தேய்ப்பதில் புழுவின் பங்கு எவ்வளவு, பூச்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.